இரண்டு ஓட்டையிலும் எரிந்த டெஸ்டர்

மனிதன் பெரிய முட்டாள்தனத்தைத் தனக்கு நன்றாகத் தெரிந்த வேலையில்தான் செய்வான். தெரியாத வேலை என்றால் பயந்துபோய் யாரிடமாவது கேட்பான் அல்லவா?

பிள்ளைகளே, நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் மாத்தளைப் பக்கம் பலாபத்வலயிலிருந்து யட்டவத்த வரைக்கும் வயரிங் பாஸ், அதாவது கரண்டு மேஸ்திரி, என்றால் என்னைத்தான் காட்டுவார்கள். பிளக் இல்லாமல் வெறும் வயரை ஓட்டைக்குள் விட்டு, தீக்குச்சி சொருகி வைத்திருக்கும் வீட்டைக் கண்டால் வாசலிலேயே நின்று ஏசுவேன். (ஏசுவதற்குக் கூலி வாங்குவதில்லை.) அதே தீக்குச்சி வேலையை நானே செய்தேன், அதுவும் நடுக்கடலில்.

வயர் சுருளோடு வரும் கூப்பன்களைச் சேர்த்து அனுப்பினால் கம்பெனி பரிசு தரும். வழக்கமாகக் குடை, மிஞ்சினால் சுவர் மணிக்கூடு. அந்த வருடம் எனக்கு விழுந்தது, சிங்கப்பூரிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பலில் இரண்டு பேருக்கு மூன்று இரவு.

என் மனைவி சரோஜா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கடலு, கப்பலு எல்லாம் இருக்கட்டுங்க. மூணு நாளைக்கு நான் அடுப்புப் பக்கம் போக மாட்டேன். யாராச்சும் ஆக்கி எனக்கு முன்னால கொண்டாந்து வைக்கணும். நான் உக்காந்து சாப்பிடணும். அவ்ளோதான்."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் ஆசை அது. "அதுக்கென்ன, செஞ்சிருவோம்" என்றேன்.

மறுநாள், நான் வயர் வாங்கும் கடை முதலாளி நசீர் நாநா என் மூளைக்குள் ஒரு பொறியைத் தட்டிவிட்டார்.

"பாஸ், கப்பல்ல சல்லி கையால குடுக்க ஏலாது. ஒரு காட் தருவாங்க. தொட்டதுக்கெல்லாம் தேய்ப்பாங்க. எறங்குற நாள்லதான் பில் வரும். தண்ணிப் போத்தல் ஒண்ணு, இங்க ரெண்டு பேர் திங்கிற சோத்துச் சல்லி!"

பரிசு இலவசம், ஆனால் பில்லுக்கு வீட்டை விற்க வேண்டும் போலிருக்கிறதே என்று பயந்துபோனேன். சின்ன ரைஸ் குக்கர், இரண்டு கிலோ சம்பா அரிசி, டின் மீன், ஒரு போத்தல் கட்டச் சம்பல், நான் என் கையாலேயே செய்த எக்ஸ்டென்ஷன் பலகை, எல்லாவற்றையும் பெட்டிகளுக்குள் அடுக்கினேன்.

"இது என்னத்துக்கு?" என்றாள் சரோஜா.

"சும்மா, அவசரத்துக்கு."

கப்பல்காரர் அனுப்பிய சட்டதிட்டப் புத்தகம் இங்கிலீசில் இருந்தது. மகள் நிலானி படித்துச் சொல்ல வந்தாள்.

"அப்பா, குக்கர், கேத்தல், எக்ஸ்டென்ஷன் ஒண்ணும் கொண்டு வரக் கூடாதாம். அடுத்த பக்கத்துல சாப்பாட்டைப் பத்தி..."

"கரண்டைப் பத்தி எனக்கு எவனும் படிச்சுக் குடுக்கத் தேவையில்ல" என்று புத்தகத்தை மூடினேன். அடுத்த பக்கத்தையும் சேர்த்துத்தான் மூடினேன்.

கப்பலேறும் இடத்தில் எக்ஸ்டென்ஷனைப் பிடித்துவிட்டார்கள். நான் தமிழ், சிங்களம், அரைகுறை இங்கிலீஸ் மூன்றிலும் சண்டை போட்டேன். "ஐ வயரிங் பாஸ்! மாத்தளை!" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினேன். மாத்தளை என்றதும் வழிவிட அவர்கள் என்ன யட்டவத்தக்காரர்களா? பலகையைப் பறித்துக்கொண்டு துண்டுச் சீட்டு ஒன்றைத் தந்தார்கள். அந்தக் கலவரத்தில் குக்கர் இருந்த பை யார் கண்ணிலும் படாமல் போய்விட்டது. (அதை அப்போது வெற்றி என்று நினைத்தேன்.)

எங்கள் அறைக்கு ஜன்னலே இல்லை. கப்பலின் பிளக் ஓட்டையோ இரண்டு வட்டம், குக்கரின் பிளக் மூன்று சதுரக் கால். பிளக்கை வெட்டி எறிந்தேன். சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் டெஸ்டரை முதலில் ஒரு ஓட்டையில் வைத்தேன், எரிந்தது. மற்ற ஓட்டையிலும் வைத்தேன். அதிலும் எரிந்தது.

நம் ஊரில் இரண்டு வயரில் ஒன்றில்தான் எரியும். "டெஸ்டர் பழுதாயிருச்சு" என்று அதைப் பைக்குள் போட்டேன். விமானத்தில் தந்த பல்லுக்குத்தும் குச்சி இரண்டை எடுத்து, வெறும் வயரை ஓட்டைக்குள் வைத்துச் சொருகினேன்.

"நீல வயரு ஒண்ணும் செய்யாது. மண்ணெறப்பட்டதை மட்டும் தொடாத" என்று சரோஜாவுக்கு வகுப்பும் எடுத்தேன்.

இரண்டு நாள் அவள் அந்த அறைக்குள்ளேயே சோறாக்கினாள். கூரையில் இருந்த, புகை பட்டால் அலறும் வெள்ளை மூடிக்கு ஆவி போகாமல் நான் துவாயால் விசிறினேன். சொகுசுக் கப்பலில் என் பொழுதுபோக்கு அதுதான். மேலே சாப்பாட்டு மண்டபத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவள் ஒரு கணம் நிற்பாள்.

"வாசல்ல அந்தக் காட் அட்டையப் பாக்குறாங்க, கண்டியா? அங்கதான் பில்லு" என்று இழுத்துக்கொண்டு வருவேன். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. பேசியிருந்தால் தப்பித்திருப்போம்.

மூன்றாம் நாள் மத்தியானம் சரோஜா ஈரக்கையோடு குக்கரை நகர்த்தியபோது வயர் கழன்று வந்தது. நீலந்தானே என்று பிடித்துச் சொருகப் போனாள். "அய்யோ!" என்று உதறிய கை கொதிக்கிற குக்கரில் பட்டு, அது அப்படியே அவள் கைமேல் கவிழ்ந்தது. கூரை மூடி அலறியது. நான்கு பேர் ஓடி வந்தார்கள். மொழிபெயர்க்க, கப்பலில் கரண்டு வேலை பார்க்கும் நாகப்பட்டினத்துக்காரர் ஒருவரைக் கூட்டி வந்தார்கள்.

"அண்ணே, ரூம்ல எதுக்குச் சமைச்சீங்கன்னு கேக்குறாங்க."

"மேல சாப்பாடு வெலைன்னு..."

"வெலையா? மூணு வேளையும் டிக்கெட்லயே சேர்ந்ததுண்ணே! தண்ணி பாட்டில் மாதிரி சிலதுக்குத்தான் தனிக் காசு."

குழாயடியில் கையை நனைத்துக்கொண்டிருந்த சரோஜா திரும்பவே இல்லை.

அவர் விடவில்லை. "வயரிங் தெரிஞ்சவருங்குறீங்க. ஊர்ல ஒரு வயரை மண்ணோட கட்டியிருக்கும். கடல்ல மண்ணு ஏதுண்ணே? ரெண்டு வயருமே கடிக்கும். உங்க பலகையில இருக்குற கட்டவுட் சுவிட்சு ஒரு வயரைத்தான் வெட்டும், மத்ததுல கரண்டு நிக்கும். அதுக்குத்தான் அன்னைக்கே வாங்கி வச்சாங்க. டெஸ்டர் சொல்லலையா?"

"சொன்னுச்சு" என்றேன்.

கப்பல் டாக்டர் கைக்குக் கட்டுப் போட்டார். டாக்டர் மட்டும் டிக்கெட்டில் சேர்ந்தவர் இல்லை. அந்தக் கப்பலில் நாங்கள் காசு கொடுத்து வாங்கிய ஒரே பொருள் அந்தக் கட்டுத்தான்.

அன்று இரவு மண்டபத்துக்குப் போனோம். வெள்ளைத் துணி விரித்த மேசை. ஒருவர் குனிந்து, அவளுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார். அவள் ஆசைப்பட்டபடியேதான். வலது கை முழுக்கக் கட்டு. இடது கையில் கரண்டியைப் பிடித்து இரண்டு வாய் சாப்பிட்டாள். "போதுங்க" என்றாள்.

அந்தப் புத்தகத்தை இப்போது அகராதி வைத்துக்கொண்டு கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டேன். சாப்பாடு இலவசம் என்று தடித்த எழுத்தில்தான் போட்டிருக்கிறது. வீட்டில் யாராவது உண்மையைச் சொல்லி நான் மறுத்தால், "விடுங்க, அப்பாவோட டெஸ்டர் பழுது" என்கிறாள் நிலானி. சரி, அதை வாங்கிக்கொள்கிறேன்.

வாங்கிக்கொள்ள முடியாதது இன்னொன்று. போன பெருநாளைக்கு வட்டிலப்பம் கொண்டு வந்த நசீர் நாநா, எங்கள் வீட்டுக்கு வருகிற எல்லாரும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டார்.

"என்ன தங்கச்சி, கப்பல் சாப்பாடு எப்பிடி?"

சரோஜா தேத்தண்ணிக் கோப்பையை, தழும்பு விழுந்த கையால் எனக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"நல்ல சாப்பாடு நாநா. நான்தானே ஆக்கினேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.