சுழலும் தட்டும் சுழலாச் சில்லும் பொருத போர்

கடைவாய்ப்பற்களின் காலன், இடுக்கி ஏந்திய தடக்கையன், வலி என்று வாய்திறந்தோரை இன்னும் அகலத் திறக்கச்செய்த வன்கண்மையன், பல் டாக்டர் என்று தெருவெல்லாம் போற்றும் பெருந்தகை நீடு வாழ்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குச் சற்றுமுன், அவ்வீரர் தம் மைத்துனனோடு பொருத பெரும்போரைப் பாடப் புகுந்தோம், நாவே, பிறழாதிரு.

டாக்டரும், அவர் மனைவியின் தம்பியாகிய கண்ணாடிக் கடைக்காரனும் கூட்டாகப் பணம் போட்டு, ஹார்டு டிஸ்க் செய்யும் கம்பெனி ஒன்றின் பங்குகளை வாங்கியிருந்தார்கள். உலகோர் எடுத்துத் தள்ளும் படங்களையெல்லாம் வயிற்றில் அடக்கி ஓயாது சுழலும் அத்தட்டின்மேல் டாக்டர் கொண்ட காதல், நிலவின்மேல் ஆம்பல் கொண்ட காதலை ஒத்தது. மைத்துனனோ, அதே படங்களைச் சுழலாமலே சுமக்கும் எஸ்.எஸ்.டி. என்னும் சில்லின்மேல் மையல்கொண்டு, இதை விற்று அதைச் செய்யும் கம்பெனியில் போட்டே தீர்வதென்று, மடிக்கணினியைக் கேடயமாய் மார்பில் அணைத்தபடி வந்து சேர்ந்தான்.

"சுத்துற பொருள் எல்லாம் ஒருநாள் நிக்கும் மாமா," என்று முழங்கினான்.

"பூமிகூடத்தான் சுத்துது மாப்ள. அதையும் வித்துடலாமா?"

சொல்லம்பு தைத்தும் சாயாத அவ்விளங்காளை, "மாமா பழைய ஆளு" என்று கூடத்துக்கே கேட்கும்படி ஓர் அம்பைத் திருப்பி எய்தான். பங்குவிலை சரிந்தபோதெல்லாம் கலங்காத டாக்டரின் நெஞ்சு அதில் கலங்கியது. இனிப் பேச்சில்லை, காப்பி செய்து பார்த்துவிடுவது, முந்துவது எதுவோ அதற்கே பங்கு என்று வஞ்சினம் கூறி, மடிக்கணினியில் தட்டை ஒருபுறமும் சில்லை மறுபுறமும் செருகி, ஊராரின் பல் எக்ஸ்ரே படங்கள் அத்தனையையும் இரண்டின்மேலும் ஏவினார்.

திரையில் பச்சைப் பட்டைகள் இரண்டு தேர்களெனப் புறப்பட்டன. சில்லின் தேர் பருந்தெனப் பாய, தட்டோ மலையேறும் கிழயானைபோல் உறுமி உறுமி நகர, தம் நாற்காலியில் பிறர் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்பதை டாக்டர் முதன்முதலாக உணர்ந்தார். அப்போது, அந்தோ, பாதிவழியில் சில்லுக்குக் காய்ச்சல் கண்டு ஓட்டம் தளர்ந்தது; தொட்டுப் பார்த்த மைத்துனன் விரலை உதறினான். யானை நெருங்கியது. தேரும் தேரும் அச்சோடு அச்சு உரசும் அக்கணத்தில், கையில் சாப்பாட்டுத் தட்டுகளோடு வந்த டாக்டரின் மனைவி மடிக்கணினியைப் பட்டென்று மூடினார்.

"நீயே சொல்லுக்கா, எதை வெச்சுக்கலாம்?" என்றான் தம்பி. ஒருவரை ஒருவர் நம்பாத இவ்விரு வீரரும் பங்குகளை அவர் பெயரில்தான் வாங்கியிருந்தார்கள்.

"அதைப் போன வாரமே வித்துட்டேன். ரெண்டு பேரும் போன்ல கத்துனது தாங்கல."

தலைவனை இழந்த படைகள் இரண்டும் பகை மறந்து ஒரே குரலில் ஓலமிட்டன: "லாபமா, நஷ்டமா?"

"வாஷிங் மெஷின் வாங்குற அளவுக்கு இருந்துச்சு. நாளைக்கு வருது. அந்த அலமாரி வழிய மறைக்குது பாருங்க."

இருவரும் அலமாரியை நகர்த்தினார்கள்.