பல் டாக்டரும் பின்பக்கத்து சைலன்சரும்

பல் டாக்டருக்கு வந்தது சாதாரணக் கோபம் இல்லை. வேறு யாராவது ஏதாவது சொல்லியிருந்தால், அவன் ஒருநாள் நம் நாற்காலியில் வந்து வாயைத் திறக்காமலா போய்விடுவான் என்று விட்டிருப்பார். ஆனால் கார் சங்கத் தலைவருக்கு முப்பத்திரண்டும் கட்டுப்பல். அவரை எங்கே வைத்துப் பழிவாங்குவது? போன ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில், பழைய ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்கள் அத்தனை பேர் முன்னிலையில், அந்த மனிதர் தொப்பியைச் சரிசெய்துகொண்டே கேட்டுவிட்டார்.

"என்ன டாக்டர், உங்க காருக்கு ஜலதோஷமா?"

ஜலதோஷமாம்! சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, நிறுத்தி வைத்திருக்கும்போதே பாயப்போவது மாதிரி ஒரு முகம். அப்பேர்ப்பட்ட காரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? டாக்டர் வீடு வந்து சேரும்வரை தனக்குத்தானே பொரிந்து தள்ளினார். பொரிந்தாலும் உண்மை உண்மைதான். பின்பக்கத்து சைலன்சர் துருவேறி ஓட்டை விழுந்திருந்தது. சாவியைத் திருகினால் கார் தும்மியது. வேகம் எடுத்தால் இருமியது.

வீட்டிலாவது ஆறுதல் உண்டா என்றால், அங்கே இருந்தது காது நிபுணர். டாக்டரின் மனைவி ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க ஜனங்களின் காதைப் பரிசோதிக்கிறவள். அவருக்கு வாய், அவளுக்குக் காது என்று தொழிலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வாசற்படி தாண்டி உள்ளே வந்ததும் மட்டும் இது தலைகீழாகிவிடும். வாய் அவளுடையது, காது அவருடையது.

"ஏங்க, ஒண்ணு அந்த ஓட்டைய சரிபண்ணுங்க, இல்லேன்னா காரை வித்துடுங்க."

"ஸ்போர்ட்ஸ் கார்னா கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யும்."

"கொஞ்சமா? நேத்து நீங்க வண்டிய உள்ள விட்ட சத்தத்துல எதிர்வீட்டு வக்கீல் சாப்பாட்டுத் தட்டோட வாசலுக்கு ஓடி வந்தாரு."

"அவருக்குப் பொறாமை."

"அவருக்கு நெஞ்சு படபடப்பு. மாத்திரை போட்டுக்கிட்டாரு."

"சரி, சரி. புது சைலன்சர் மாட்டறேன். நானே மாட்டறேன். சத்தமே வராது. கார் போறதே உனக்குத் தெரியாது. போதுமா?"

"நெஜமாவா?"

"டாக்டர் வாக்கும்மா!"

"அதான் பயமா இருக்கு. வலிக்காதுன்னு சொல்றதும் அதே டாக்டர்தானே?"

டாக்டர் அந்த அவமானத்தையும் விழுங்கிக்கொண்டார். விழுங்கியது உள்ளே போய்ச் சும்மா இருக்கவில்லை. திட்டமாக முளைத்தது.

மறுநாள் கிளினிக்கில் ஒருவரின் வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு, அவர் தலைமாட்டில் நின்றே சைலன்சர் கடைக்குப் போன் போட்டார். இனி அந்த ஆளால் யாரிடமும் எதுவும் சொல்ல முடியாது.

"ஹலோ, இந்த ரேஸ்காரங்க மாட்டுவாங்களே, உறுமுற சைலன்சர், அது என் காருக்குக் கிடைக்குமா?"

"கிடைக்கும் சார். ஆனா அதுக்குள்ள சத்தத்தை அடக்குற பஞ்சு கிஞ்சு எதுவும் இருக்காது. வெறும் கூடு. தெருவே அதிரும்."

"அதிரட்டும். பாக்க எப்படி இருக்கும்?"

"வெளிய பாத்தா சத்தம் வராத சைலன்சரும் இதுவும் ஒரே அச்சு சார். மேல ஒட்டியிருக்கிற லேபிள்தான் வேற."

"அந்த லேபிளைக் கிழிச்சுட்டு அனுப்புங்க."

"லேபிள் இல்லேன்னா எது எதுன்னு எனக்கே தெரியாது சார்."

"உங்களுக்கு எதுக்குங்க தெரியணும்? மாட்டப்போறது நான்!"

நாற்காலியில் இருந்தவர் பஞ்சுக்குள்ளிருந்து ஏதோ சொல்ல முயன்றார். டாக்டர் இன்னும் கொஞ்சம் பஞ்சு வைத்தார்.

திட்டத்தின் அழகே அதன் எளிமையில் இருந்தது. மாட்டும்வரை மனைவியைப் பொறுத்தவரை அது சத்தம் வராத சைலன்சர். மாட்டி முடித்து, கார் உறுமி, அவள் ஓடி வந்தால், "என்னம்மா பண்றது? கம்பெனியில அப்படித்தான் செய்றாங்க, போகப்போக அடங்கிடும்" என்று கையை விரித்துவிடலாம். அடங்காது. அதற்குள் அவளுக்குப் பழகிவிடும். அன்று சாயங்காலம் வீட்டு மாடியில் நின்றுகொண்டு சங்கத் தலைவருக்கும் போன் போட்டார். "இந்த ஞாயித்துக்கிழமை என் கார் பக்கத்துல வரும்போது தொப்பியக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க. பறந்துட்டா நான் பொறுப்பில்ல" என்றார். சொன்ன பிறகுதான் இரண்டு நாளாகச் செரிக்காதது செரித்தது.

புதன்கிழமை பெட்டி வந்தது. டாக்டர் வீடு திரும்பும்போது மனைவி அதை வாங்கி கார் ஷெட்டில் வைத்திருந்தாள்.

"திறந்தியா?"

"அதைத் திறந்து நான் என்னங்க பண்ணப்போறேன்? சமைக்கவா?"

அவள் சொன்னபடி பெட்டி ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. டாக்டருக்கு நிம்மதி. சனிக்கிழமை காலை ஒரு பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, காரின் பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, அட்டையை விரித்து அடியில் போய் மல்லாந்தார். உள்ளேயிருந்து ஸ்பானர் பிடியால் பழைய சைலன்சரை நாலு தட்டுத் தட்டினார். கிளினிக்கில் பல்லைத் தட்டிப் பார்க்கிற அதே பழக்கம்.

"கேட்டியா? பொத பொதங்குது. உள்ள முழுக்க சொத்தை. என் தொழில்ல எக்ஸ்ரே எல்லாம் அப்புறந்தான். தட்டினா போதும், நல்லதா, கெட்டதா, உள்ள காலியா, எல்லாத்தையும் சத்தமே சொல்லிடும்."

"அப்படியாங்க?" என்று பக்கத்தில் நின்ற மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று டாக்டர் அங்கேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவர் கவனமெல்லாம் போல்ட்டில் இருந்தது.

அந்த போல்ட்டைப் போல் திமிர் பிடித்த வஸ்துவை டாக்டர் தன் வாழ்நாளில் கண்டதில்லை. துருவுக்கு அடிக்கிற எண்ணெயைக் கண்மூடித்தனமாக அடித்தார். அசையவில்லை. காலை முட்டுக்கொடுத்து இழுத்தார். அசையவில்லை. இந்தக் காரைச் செய்தவனையும், அவனுக்கு வேலை கொடுத்தவனையும் வாய்க்கு வந்தபடி வைதார். அதற்கென்றே காத்திருந்ததுபோல் போல்ட் பட்டென்று முறிய, ஓட்டை சைலன்சர் மொத்தமாக இறங்கி அவர் மார்பில் படுத்துக்கொண்டது. அதற்குள் இத்தனை வருஷமாகச் சேர்ந்திருந்த துருவெல்லாம் அவர் வாய்க்குள் போயிற்று.

"வாயை நல்லாத் திறங்க," என்று மனைவி பக்கத்தில் குனிந்து ஈரத்துணியால் துடைத்தாள். "இன்னும் கொஞ்சம். வலிச்சா கையத் தூக்குங்க."

"கையத் தூக்கினா சைலன்சர் மூஞ்சில விழும்டீ!"

"அப்போ வலிக்கலேன்னு அர்த்தம்."

டாக்டர் வேலை செய்யும்போது எத்தனை பேரிடம் இதையே சொல்லியிருப்பார்! அப்போதெல்லாம் அவருக்கு அதில் குற்றம் தெரிந்ததில்லை. தனக்கென்று வரும்போதுதான் அது எவ்வளவு அக்கிரமமான பேச்சு என்று புரிந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். புதிய சைலன்சரைத் தூக்கி மாட்டுகிற நேரத்தில் அவள் அப்படி உழைத்தாள். ரப்பர் வளையங்களுக்குச் சோப்புத் தண்ணீர் தடவிக் கொடுத்தாள். சைலன்சரைத் தானே அடியிலிருந்து தாங்கிப் பிடித்தாள். "நட்டை நல்லா இறுக்குங்க, இனிமே ஜென்மத்துக்கும் கழலக் கூடாது" என்று உற்சாகப்படுத்தினாள். பாவம், என்ன மாட்டுகிறோம் என்று தெரியாமல் மாட்டுகிறாளே என்று டாக்டருக்கு ஒரு கணம் மனசு உறுத்தியது. அடுத்த கணமே அதைத் தட்டிவிட்டு, பலமனைத்தையும் திரட்டி இறுக்கினார்.

காரை இறக்கினார். உள்ளே உட்கார்ந்தார். எதிர்வீட்டில் வக்கீல் காதில் பஞ்சோடு தயாராக நிற்பது கண்ணாடியில் தெரிந்தது. தெரு அதிரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சாவியைத் திருகினார்.

மீட்டர் முள் அசைந்தது. புகை வந்தது. சத்தம் வரவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தார். பூனை தூங்கும்போது விடுமே, அந்த மூச்சுதான் வந்தது. இன்னும் மிதித்தார். அந்தப் பூனை புரண்டு படுத்தது.

வக்கீல் காதிலிருந்து பஞ்சை எடுத்தார். பிறகு தெருவைத் தாண்டி ஓடியே வந்தார்.

"டாக்டர்! எனக்கு உயிர்ப்பிச்சை குடுத்துட்டீங்க! கேஸ் போடணும்னு எழுதி வெச்சிருந்தேன், கிழிச்சுப் போடறேன்!" என்று இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். அந்தப் பாராட்டை மறுக்கவும் முடியாமல், ஏற்கவும் முடியாமல் டாக்டர் தவித்தார்.

அவர் போனதும் டாக்டர் ஷெட்டின் மூலைக்குப் போய்க் கடைக்காரனைப் போனில் பிடித்தார்.

"யோவ், என்னய்யா அனுப்பினே? நான் கேட்டது உறுமுறது!"

"அதைத்தான் சார் அனுப்பினேன். வியாழக்கிழமை உங்க வீட்டம்மா வந்து, டாக்டர் தப்பாச் சொல்லிட்டாருன்னு சத்தம் வராததை மாத்தி வாங்கிட்டுப் போனாங்களே! நீங்க சொன்னத மறப்பேனா? அந்த லேபிளையும் ஞாபகமாக் கிழிச்சுட்டுத்தான் சார் குடுத்தேன். பெட்டிய பழையபடி ஒட்டியும் குடுத்தேன்."

"நாளைக்கே கொண்டு வரேன், மாத்திக் குடு!"

"மாட்டின சாமானை மாத்த மாட்டோம் சார்."

டாக்டர் வீட்டுக்குள் நுழைந்த வேகத்தில் கதவு சுவரில் மோதியது. காரிலிருந்து வரவேண்டிய உறுமல் முழுவதும் அவரிடமிருந்து வந்தது.

"என்னைக் கேக்காம எப்படி மாத்துவே? என் காரு! என் சைலன்சரு!"

"கத்தாதீங்க. நீங்க என்ன ஆர்டர் பண்ணீங்க? சத்தம் வராததுதானே? டாக்டர் வாக்குன்னு சொன்னீங்களா, இல்லியா?"

"அது... சொன்னேன்."

"வந்த பெட்டிய லேசாத் திறந்து தட்டிப் பாத்தேன். டங்குனு சத்தம். உள்ள காலி. அந்தக் கடைக்காரன் உங்கள ஏமாத்தப் பாத்திருக்கான். நான் விடுவேனா? நேராப் போய் மாத்திட்டேன். அதுக்குப் போய் என்கிட்ட கத்தறீங்களே, கடைக்காரனைக் கேளுங்க!"

நான்தான் காலி சைலன்சர் கேட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? பல்லைத் தட்டிப் பிழைக்கிற மனிதர், சைலன்சரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்திருக்கக் கூடாதா?

"ரொம்ப தேங்க்ஸ்ம்மா," என்றார், பல்லுக்கு நடுவே.

ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தலைவலி, வயிற்றுவலி, இடுப்புவலி எல்லாம் வந்தன. மனைவியிடம் எதுவும் செல்லவில்லை.

"தலைவருக்கு வாக்குக் குடுத்திருக்கீங்க, போகாம இருக்கலாமா? அன்னைக்கு மாடியில நின்னு பேசினீங்களே, கீழ வரைக்கும் கேட்டுச்சு. கெளம்புங்க, நானும் வரேன். இப்பத்தான் காது வலிக்காம இந்தக் கார்ல உக்கார முடியுதே!"

ஓட்டை சைலன்சரோடு ஓட்டிய காலத்தில் அந்தக் காருக்குள் யார் பேச்சும் கேட்காது. இன்றைக்கு மைதானம் வரை அவள் பேசியதில் ஓர் எழுத்து விடாமல் கேட்டது.

மைதானத்தில் அத்தனை பேரும் தயாராகக் காத்திருந்தார்கள். ஒருவருக்குப் பின் ஒருவராக அவரவர் காரை உறுமவிட்டார்கள். கடைசியில் மற்ற எல்லா எஞ்சினையும் அணைக்கச் சொல்லிவிட்டு, சங்கத் தலைவர் சிவப்புக் காருக்குப் பின்னால் போய்க் காலை அகட்டி நின்றார். இரண்டு கையாலும் தொப்பியைத் தலையோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். மைதானமே மூச்சைப் பிடித்தது.

"ம், ரெடி! ஸ்டார்ட் பண்ணுங்க டாக்டர்!"

பக்கத்து சீட்டிலிருந்து அவர் மனைவிதான் தலையை வெளியே நீட்டிப் பதில் சொன்னாள்.

"பண்ணி ரொம்ப நேரமாச்சுங்களே!"