ஃபேன் ஆஃப் அக்காவும் வெள்ளை பூத்த மெழுகும்

ஃபேனைக் கண்டுபிடித்தவனுக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான் உண்டு. அவள் வில்லியனூரில் எங்கள் வீட்டுப் பின்போர்ஷனில் குடியிருந்தாள். சொந்தப் பெயர் என்னவோ இருந்தது. தெருவில் ‘ஃபேன் ஆஃப்’ என்றால்தான் தெரியும்.

சோயா மெழுகை உருக்கிக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி வாசனை மெழுகுவத்தி செய்வது அவள் தொழில். ஊற்றிய மெழுகு மெல்ல ஆற வேண்டும். காற்று பட்டுச் சட்டென்று ஆறினால், சாம்பல் பூசணிக்காய் மாதிரி மேலெல்லாம் வெள்ளை பூத்துவிடும். எங்கள் ஹால் ஃபேன் காற்று அவள் அறைக்குப் போகிற மாதிரி நடுவில் கதவில்லாத ஒரு ஜன்னல் இருந்தது. அதனால் எங்கள் குடும்பமே வெந்தது.

“ஏய், ஃபேன ஆஃப் பண்ணுடி! மெழுகு ஊத்திட்டேன்!”

“அக்கா, மே மாசம்கா! இங்க மனுசங்க இருக்கோம்!”

“மனுசங்க வேர்த்தா தொடச்சிக்கலாம்டி. இதத் தொடைக்க முடியுமா?”

வீட்டுக்காரர்கள் நாங்கள், குடித்தனக்காரி அவள். அப்பாவோ பனியனைக் கழற்றிப் போட்டுவிட்டு மரியாதையாகப் போய் சுவிட்சை அணைப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இத்தனை பேரைப் புழுக்கியும் மெழுகு அவளுக்கு அடங்கவில்லை. திரியைச் சுற்றிக் குழி விழும். உடனே டம்ளரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு வைவாள். “இன்னாடி கொறைச்சல் உனக்கு? டம்ளர சூடு பண்ணித்தானே ஊத்துனேன்? பள்ளம் வுழுந்த மூஞ்சியப் பாரு!” பிறகு ஹேர் டிரையரால் மேலாக இளக்கி நிரவுவாள். அது என்னுடைய ஹேர் டிரையர். கேட்டு எடுத்துப் போனதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஒருமுறை டவுன் கடைக்காரர் ஒருவர், பூசணம் பிடித்த சரக்கு என்று சொல்லி மொத்தத்தையும் திருப்பி அனுப்பினார். அன்று அவள் யாரையும் திட்டவில்லை, மெழுகைக்கூட. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பிறகு என் கல்யாணம் வந்தது. கோவிலில் பூசை முடிந்து விருந்து ஹாலுக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு மெழுகுவத்தி கொடுப்பதென்று அம்மா முடிவு செய்து, ஆர்டரை அவளிடமே கொடுத்தாள்.

“இதுலயும் பேரு கெட்டுச்சின்னா தொழில வுட்டுட்டு பாகூருக்கே, அண்ணன் வூட்டுக்குப் போயிடுவேன்” என்றாள் ஃபேன் ஆஃப்.

ஊற்றினாள். அதிசயமாக, வெள்ளை பூக்கவில்லை. ஆனால் மெழுகு கண்ணாடியோடு ஒட்டாத இடமெல்லாம் தண்ணீர் கோத்த மாதிரி திட்டுத் திட்டாகத் தெரிந்தது. அவள் கடைக்குப் போன நேரத்தில் அம்மா அதைப் பார்த்துவிட்டாள். ஈரம் என்றால் எங்கள் வீட்டில் ஒரே வைத்தியம்தான், மொட்டை மாடி வெயில். நல்லவாடு குப்பத்திலிருந்து வந்த கருவாடு காய்ந்துகொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே டம்ளர்களை வரிசையாகப் பரப்பிவிட்டாள்.

ஃபேன் ஆஃப் வந்து பார்த்தபோது எல்லாம் எண்ணெயாகி, திரிகள் சாய்ந்து கிடந்தன.

“யம்மா! இது இன்னா வடாமா?”

“ஈரமா இருந்துச்சே, காயட்டும்னு...”

“ஒட்டாத எடம் அப்படித்தாம்மா தெரியும்! உள்ள ஒரு சொட்டுத் தண்ணி இல்ல!”

என் கல்யாணத்துக்குக் கருவாட்டு மெழுகுவத்தியா என்று இரண்டு பேரிடமும் கத்தினேன். அவள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய், புது மெழுகு உருக்கி மறுபடி ஊற்றினாள். அவசரத்தில் டம்ளரைச் சூடு பண்ணாமல் ஊற்றியது சட்டென்று ஆறியதால் இந்த முறை எல்லாம் வெள்ளை பூத்துவிட்டன.

ஹாலில் மாப்பிள்ளையின் அம்மா, அரியாங்குப்பத்து அத்தை, ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். “இன்னா இது, பூசணம் புடிச்சதெல்லாம் குடுக்கறீங்க? எவ செஞ்சா இத?” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

ஃபேன் ஆஃப் புதுப் புடவையில் அங்கேதான் நின்றாள். தெருவையே அதட்டியவள் அவள். தலையைக் குனிந்துகொண்டு, தட்டில் இருந்ததை முந்தானையால் மூடப் பார்த்தாள்.

எனக்கு வந்ததே கோபம்! மாலையும் கழுத்துமாக மேடையை விட்டு இறங்கினேன்.

“அத்தை, அது பூசணம் இல்ல. சோயா மெழுகு அப்படித்தான் பூக்கும். பால்ல ஆடை கட்டினா கீழ ஊத்திடுவீங்களா? எங்க அக்கா செஞ்சது. வேணாம்னா வெச்சிட்டுப் போங்க!”

மாப்பிள்ளை வேறு பக்கம் பார்த்தார். அத்தை மெழுகுவத்தியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஃபேன் ஆஃப் பாகூருக்குப் போகவில்லை.

அவளைத் திட்டுவதற்கு நான் ஒருத்தி இருக்கிறேன். வேறு யாரும் வேண்டாம்.