சகலை வண்டிக்கு ஒரு குறையும் இல்லை

இடது பக்கம் திருப்பினால் ஹார்ன் அடித்தது.

லேசாகத் திருப்பினால் லேசாக அடித்தது. நன்றாகத் திருப்பினால் நன்றாகவே அடித்தது. கண்ணாடிக்காரரின் வீட்டிலிருந்து கடைக்குப் போக மொத்தம் ஏழு இடது பக்கத் திருப்பங்கள். ஏழாவதில், முன்னால் போய்க்கொண்டிருந்த சைக்கிள்காரர் காலை ஊன்றி இறங்கியே விட்டார்.

"எதுக்கு சார் இந்த அடி அடிக்கறீங்க? சைக்கிளுக்கு என்ன றெக்கையா இருக்கு?"

"நான் அடிக்கலைங்க. வண்டி அடிக்குது."

"வண்டி அடிக்குதா? அப்ப நீங்க யாரு, பாசஞ்சரா?"

கண்ணாடிக்காரர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். மூக்குக்கண்ணாடி விற்பவர் என்பதால் வந்த பெயர் அது. எதிரே நிற்பவருக்குப் பவர் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். ஆனால் வண்டியின் முன்மூடியைத் திறந்துவிட்டால் அவருக்கு எல்லாமே மங்கல்தான்.

இத்தனைக்கும் ஐந்து வாரத்துக்கு முன்புதான் வண்டி வருடாந்திரத் தகுதிச் சோதனையில் தேறியிருந்தது. பிரேக், டயர், விளக்கு, வைப்பர், ஹார்ன் என்று முப்பத்திரண்டு இனம், முப்பத்திரண்டுக்கும் டிக். "இப்படி ஒரு வண்டியைப் பார்த்து ரொம்ப நாளாச்சு சார்" என்று சோதனை அதிகாரி எழுந்து கைகுலுக்கினார். கண்ணாடிக்காரர் அந்தக் கையை அன்று முழுக்கக் கழுவவில்லை.

மூன்று வருடமாக இதே கதைதான். சோதனைக்கு முன் ஒருநாள் மெக்கானிக்கிடம் விட்டு எடுத்தால் வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கும். தேறும். சரியாக ஒரு மாதம் ஓடும். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பல்லை இளிக்க ஆரம்பிக்கும். போன வருடம் பேட்டரி. அதற்கு முந்தைய வருடம் பிரேக். டயர்கள் எப்போது மொட்டையாயின என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத ஒன்று இருந்தது. அது சகலையின் வண்டி.

சகலை என்றால் மனைவியின் தங்கை கணவர். இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாடலில், ஒரே சாம்பல் நிறத்தில் வாங்கிய வண்டிகள். கண்ணாடிக்காரர் வண்டி காலையில் கடைக்குப் போகும், மாலையில் வீட்டுக்கு வரும். சகலை வைத்திருப்பதோ டிரைவிங் ஸ்கூல். தினம் பத்துப் பேர் அந்த வண்டியில் ஏறி, கிளட்சை மிதி மிதியென்று மிதித்து, கியரைக் கதறவிட்டு, நடைபாதைமேல் ஏற்றி இறக்கிக் கற்றுக்கொள்கிறார்கள். சோதனையில் ஒருமுறை தவறினால் ஸ்கூலை இழுத்து மூட வேண்டியதுதான். நியாயமாகப் பார்த்தால் அந்த வண்டி எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்க வேண்டும்.

அது போன வாரம் சோதனைக்குப் போனது. முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு.

இதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே அந்த வண்டி பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டுகிற இடத்தில், நேற்றுத்தான் ஸ்டீயரிங்கைத் தொட்டிருப்பார் போல, பயத்தில் கண்ணை மூடிய ஓர் அம்மாள். பக்கத்து இருக்கையில் சகலை, சும்மா இருந்த இரண்டு கையையும் ஆட்டினார்.

"என்ன சகலை, ஊர்வலமா? ஹார்ன் மூணு தெருவுக்குக் கேக்குதே!"

"ஒண்ணுமில்ல சகலை. சும்மா, செக் பண்ணிப் பார்த்தேன்."

"வண்டியைப் புள்ளை மாதிரி பாத்துக்கணும் சகலை. இது பாருங்க, மூணு வருஷத்துல தும்மினதுகூட இல்ல. அம்மா, லெஃப்ட்ல திருப்புங்க."

அந்த அம்மாள் கண்ணைத் திறக்காமலே திருப்பினார். சத்தமே இல்லை. வண்டி வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது.

கண்ணாடிக்காரருக்கு வயிறு எரிந்தது. காலையில் வெறும் வயிற்றில் காபி குடித்திருக்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கடைக்குப் போனதும் முதல் வேலையாக மூக்குக்கண்ணாடி திருகுகிற குட்டி ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்தார். ஸ்டீயரிங்கின் மையத்தில் இருந்த மூடியைக் கழற்றினார். அரிசி அளவு திருகையே இருபது வருடம் முடுக்கிய கைக்கு இந்தத் திருகுகள் பூசணிக்காய் மாதிரி தெரிந்தன. நான்கைந்தை முடுக்கினார், சிவப்பு ஒயரை நீல ஒயரிடம் பிரியமாகச் சேர்த்துவைத்தார். மூடினார். ஹார்ன் அடியோடு நின்றது.

அன்று மாலை வீட்டுக்குத் திரும்பும்போதுதான், பிரேக்கை மிதித்தால் வைப்பர் ஆடுகிறது என்பது தெரிந்தது. சுள்ளென்று வெயில். சிக்னலுக்குச் சிக்னல் வைப்பர் எல்லோருக்கும் டாட்டா காட்டியது.

மறுநாள் மெக்கானிக் ஷெட்டில் போய் நின்றார்.

"வண்டி இருக்கட்டும். முதல்ல உண்மையைச் சொல்லுங்க. சகலை வண்டிக்கு மட்டும் தனியா என்ன செய்யறீங்க?"

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்தார். துடைத்த ஸ்பேனரை மறுபடி துடைத்தார்.

"எல்லா வண்டிக்கும் ஒரே கைதான் சார்."

"அப்ப அது மட்டும் எப்படி அப்படி ஓடுது?"

மெக்கானிக் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "அவரு... வண்டிகிட்ட பேசுவாரு சார்."

"பேசுவாரா?"

"காலையில ஏறின உடனே நாலு நல்ல வார்த்தை. தட்டிக்கொடுத்து, செல்லமா. அதுங்களுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல சார்?"

வேறு யாராவது சொல்லியிருந்தால் கண்ணாடிக்காரர் சிரித்திருப்பார். ஆனால் 'வண்டியைப் புள்ளை மாதிரி பாத்துக்கணும்' என்று நேற்று சகலையே வாய்விட்டுச் சொல்லவில்லையா? ரகசியம் பிடிபட்டுவிட்டது!

அடுத்த நாள் காலை வண்டிக்குள் உட்கார்ந்து ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக்கொண்டார். முதலில் கூச்சமாக இருந்தது. போகப் போகப் பழகிவிட்டது.

"கோவமா செல்லம்? அன்னிக்கு உன் மேல கத்தினது என் தப்புதான். ஆனா நீ இன்னொருத்தரைப் பாத்து என்னை ஏங்க வைக்கலாமா? என்கிட்ட என்ன குறை? சொல்லு. உனக்காக நான் என்ன வேணா செய்வேன்."

சொல்லும்போதே ஸ்டீயரிங்கைத் தடவிக்கொடுத்தார். கண்கூடக் கலங்கியது.

எதிர்வீட்டு அம்மாள் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வண்டிக்கண்ணாடி முழுதாக மூடவில்லை என்பதும் அந்த வாரத்துப் புதுக்கோளாறுகளில் ஒன்று. தண்ணீர் செடியைத் தாண்டித் தெருவில் ஓடியது அவளுக்குத் தெரியவில்லை.

மாலையில் மனைவி வாசலிலேயே நின்றாள்.

"யாரு அந்தச் செல்லம்?"

"எந்தச் செல்லம்?"

"காருக்குள்ள உக்காந்து அழுது அழுது பேசினீங்களாமே. 'உனக்காக என்ன வேணா செய்வேன்'னு. எனக்கு ஒரு கொத்துமல்லிக் கட்டு வாங்கிட்டு வர மறந்துபோற மனுஷன்!"

"ஐயோ, அது போன் இல்லடி. நான் வண்டிகிட்ட பேசிட்டிருந்தேன்."

"பொய் சொல்றதுன்னா கொஞ்சம் நம்பற மாதிரி சொல்லுங்க."

வேறு வழியில்லாமல் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினார். ஹார்ன், வைப்பர், சகலை, முப்பத்திரண்டு டிக், கண்ணை மூடி ஓட்டிய அம்மாள் வரை. "நான் அவரைவிட எதுல குறைஞ்சுட்டேன்? அவரு வண்டியைத் தெருவுல போறவன் வர்றவன்லாம் மிதிக்கிறான். நான் மெத்து மெத்துனு ஓட்டறேன். எனக்கு மட்டும் ஏன்? ராத்திரி சோறு இறங்கலை எனக்கு. தெரியுமா?"

மனைவியின் கோபம் வடிந்தது. ஏதோ சொல்ல வந்தாள்; விழுங்கிக்கொண்டாள்.

"இவ்வளவு மனசுல வெச்சுக்கிட்டா இருந்தீங்க?"

"பின்னே?"

"சரி, விடுங்க. எல்லாம் சரியாயிடும். வியாழக்கிழமை நீங்க பஸ்ல போங்க. வண்டி எனக்கு வேணும், தங்கச்சியோட ஒரு வேலை இருக்கு."

தங்கச்சி! எதைச் சொன்னாலும் கடைசியில் அந்த வீட்டில்தான் போய் முடியும். கண்ணாடிக்காரருக்கு மறுபடி சுருக்கென்றது. இனிப் பொறுப்பதில்லை என்று முடிவு செய்தார். புதன்கிழமை நேரே டிரைவிங் ஸ்கூலுக்குப் போனார்.

"சகலை, சுத்தி வளைக்காம கேக்கறேன். வண்டியை மாத்திக்கலாமா?"

சகலை டீயைக் கீழே வைத்தார். "எதை?"

"உங்க வண்டி எனக்கு, என் வண்டி உங்களுக்கு. ஒரே மாடல், ஒரே வருஷம். பேரை மட்டும் மாத்திக்கிட்டா போதும். உங்க வீட்ல எல்லாருக்கும் ஆயுசு முழுக்கக் கண்ணாடி என் பொறுப்பு."

"எங்க வீட்ல யாருக்கும் கண்ணு கெடலையே சகலை."

"கெடும், கெடும். வயசாக வேண்டாமா?"

சகலை சிரித்தார். "ஓடற குதிரையைக் குடுத்துட்டு நொண்டிக் குதிரையை வாங்கிக்கச் சொல்றீங்க. என் பொழப்பே இதுலதான் இருக்கு. ஆளை விடுங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க. வீட்ல ரெண்டு பேருக்கும் தெரிய வேண்டாம். அக்கா தங்கச்சி சேர்ந்துட்டா நம்ம காரியம் நடக்காது."

வியாழன் பஸ்ஸில் நசுங்கிப் போய் நசுங்கி வந்தார். வெள்ளிக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே போன்.

"சகலை, உங்க முகம் மனசை விட்டுப் போகவே இல்ல" என்றார் சகலை. குரலில் என்றைக்கும் இல்லாத அன்பு. "குடும்பத்துக்குள்ள உன்னுது என்னுது என்ன? மாத்திக்கலாம். இன்னிக்கே. இப்பவே. நான் வாகன ஆபீஸ் வாசல்லதான் நிக்கறேன்."

கண்ணாடிக்காரர் வாய் கொப்பளிக்க மறந்து கிளம்பினார்.

வழியில் ஓர் ஆச்சரியம். இடது பக்கம் திருப்பினார், சத்தம் இல்லை. பிரேக்கை மிதித்தார், வைப்பர் அசையவில்லை. கண்ணாடி முழுதாக ஏறி மூடியது. வண்டி பூப்போல மிதந்தது. கண்ணாடிக்காரர் கேலியாகச் சிரித்தார்.

"போற நேரத்துல நடிக்கிறியா? எத்தனை தடவை ஏமாந்திருப்பேன் உன்கிட்ட! இன்னிக்கு நீ வானத்துல பறந்தாலும் விடமாட்டேன்."

உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. சகலை ஓட்டிப் பார்த்தாலும் மாட்டிக்கொள்ள மாட்டோம். ஆனால் சகலை ஓட்டிப் பார்க்கவே இல்லை. அவசர அவசரமாகக் கையெழுத்துப் போட்டார். எங்கே மனம் மாறிவிடப் போகிறாரோ என்று கண்ணாடிக்காரர் அவரைவிட அவசரமாகப் போட்டார். ஜன்னலில் இருந்தவர் இரண்டு தாளிலும் முத்திரையைக் குத்தினார்.

"இனிமே மாத்த முடியாதுல்ல?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"முடியாது."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். சகலை சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டமாக ஓடினார்.

கண்ணாடிக்காரர் சகலையின் இருக்கையில் — இல்லை, தன் இருக்கையில் — சாய்ந்து உட்கார்ந்து ஒரு நிமிடம் கண்ணை மூடினார். மூன்று வருடத்து எரிச்சல் அடங்கி வயிறு குளிர்ந்தது. வண்டி மூன்றாவது முயற்சியில் கிளம்பியது. புது ஆள், வெட்கப்படுகிறது என்று நினைத்துக்கொண்டார். சாலையில் ஒரு பக்கமாக இழுத்தது. பழைய வீட்டு ஞாபகம், பாவம். பிரேக் கொஞ்சம் தாமதமாகப் பிடித்தது, அவசரப்படாத குணம்.

நேரே மெக்கானிக் ஷெட்டுக்குப் போய், சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே இறங்கினார்.

"பக்கத்து சீட்டுல இருக்கற இந்த ஸ்கூல் பிரேக்கைக் கழட்டி அவரு வண்டியில மாட்டிடுங்க. என் வீட்டம்மா உக்கார்ற பக்கம் ஒரு பிரேக் இருந்தா நான் தெருவையே தாண்ட முடியாது."

"அவரு வண்டிங்கறது... இதுதானே சார்?"

"இது நேத்து வரைக்கும் அவரோடது. இன்னிக்கு என்னோடது! மாத்திக்கிட்டோம். கையெழுத்து, முத்திரை எல்லாம் ஆச்சு. வீட்ல யாருக்கும் தெரியாது, இனிமேதான் போய்ச் சொல்லி அசத்தப்போறேன்."

மெக்கானிக் கையிலிருந்து ஸ்பேனர் நழுவிக் காலிலேயே விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"அடப்பாவமே சார்! தங்கச்சி பொழப்பு கெட்டுடக் கூடாதுன்னு வருஷா வருஷம் உங்க வண்டிச் சாமானைக் கழட்டி இதுல மாட்டச் சொன்னதே உங்க வீட்டம்மாதான். 'போதும்ப்பா, எங்க வீட்டுக்காரர் வண்டிக்குள்ள உக்காந்து அழறாரு'ன்னு நேத்துதானே தங்கச்சியையும் கூட்டிட்டு வந்து எல்லாத்தையும் திருப்பி உங்க பழைய வண்டியிலயே மாட்ட வெச்சாங்க!"