முப்பத்தொரு விநாடி ரசிகர்கள்

ஒரு கிலோ என்றால் ஒரு கிலோதான் என்று பொதுமக்களுக்கு அரசு கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்காக ஏற்படுத்தப்பட்டதுதான் எடை அளவை முத்திரை அலுவலகம். அது லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருந்தது. கடைக்காரர்கள் தராசையும் படிக்கற்களையும் தோளில் சுமந்துகொண்டு மூச்சு வாங்க ஏறி வருவார்கள். எடை சரியாக இருந்தால் முத்திரை. சரியில்லாவிட்டால் குறிப்பாணை. அங்கே இருபத்திரண்டு வருஷமாக முத்திரை குத்தி வந்தவளுக்கு மற்றவர்கள் வைத்த பெயர் முத்திரையக்கா. ஐந்து கிராம் குறைந்தாலும் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவாள். அந்தத் திறமையால் அவளுக்கு இதுவரை எந்தக் கேடும் வந்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு அலுவலகம் முழுவதும் கண்காணிப்பாளரின் மேசையைச் சுற்றிக் கூடியது. பொருள் அவசரமானது. பாடகர் சூறாவளியின் புதிய பாட்டு ‘தட்டுனா தொறக்கும்’ வெளிவந்து மூன்று வாரம் ஆகியும், பாட்டுச் செயலியின் கேட்பு எண்ணிக்கையில் இரண்டாவது இடத்திலேயே கிடந்தது.

கண்காணிப்பாளர் ஓய்வு நேரத்தில் சூறாவளி ரசிகர் பேரவையின் வட்டாரச் செயலாளராகவும் இருந்தார். ஓய்வு நேரம் என்பது காலை பத்தரையிலிருந்து மாலை ஐந்து மணி வரை.

“ரெண்டாவது இடம்னா என்ன அர்த்தம்?” என்று கேட்டார்.

“நெறையப் பேருக்குப் புடிச்சிருக்குன்னு அர்த்தம் சார்” என்றாள் முத்திரையக்கா.

“இல்லம்மா. நமக்கு முன்னாடி ஒருத்தன் உக்காந்திருக்கான்னு அர்த்தம். நேத்து மொளைச்சவன். தொண்டையே இல்லாதவன். இதை நாம பாத்துக்கிட்டு சும்மா இருக்கறதா?”

சும்மா இருப்பதில் அந்த அலுவலகத்துக்கு இருந்த அனுபவம் வேறு எந்த அலுவலகத்துக்கும் கிடையாது. ஆனாலும் அன்றைக்கு எல்லோரும் கூடாது என்று தலையாட்டினார்கள்.

தட்டச்சர் எழுந்தார். செயலிகளின் சூட்சுமம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். “சார், பாட்டு முப்பது விநாடி தாண்டினா ஒரு கேட்புன்னு கணக்காகும். முப்பத்தொண்ணாவது விநாடில நிறுத்திட்டு மறுபடி மொதல்லேருந்து போட்டா இன்னொரு கேட்பு.”

“அப்ப மிச்சப் பாட்டு?”

“அது கணக்குல வராது சார்.”

கண்காணிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போட்டார். பாட்டின் நீளம் நாலு நிமிஷம் பன்னிரண்டு விநாடி. அதை ஒருவர் முழுதாகக் கேட்டால் ஒரே ஒரு கேட்பு. அதே நேரத்தில் விட்டு விட்டுக் கேட்டால் எட்டு. ஆக, பாட்டை முழுசாகக் கேட்கிற ஒவ்வொருவரும் சூறாவளிக்கு ஏழு கேட்பு துரோகம் செய்கிறார். கண்ணைத் திறந்தபோது அவருக்கே உடம்பு சிலிர்த்திருந்தது.

அன்று மதியமே சுற்றறிக்கை வந்தது. மேற்படி பாடலை முப்பத்தொரு விநாடிக்கு மேல் கேட்பது மேற்படி பாடகரின் நலனுக்குக் குந்தகம் விளைவிப்பதாகும் என்றும், ஒவ்வொருவரும் தலா ஆறு கைப்பேசிகளைப் பராமரித்துக் கேட்பு அறிக்கையை நாள்தோறும் நாலரை மணிக்குள் பணிந்தனுப்ப வேண்டும் என்றும் அதில் இருந்தது. நாற்பதாம் நாள் மைதானத்தில் சூறாவளியின் நேரடிக் கச்சேரி. அது அவருடைய மூன்றாவது கடைசிக் கச்சேரி. ஐயாயிரம் கேட்பு தாண்டியவர்களுக்கே பேரவை மூலம் நுழைவுச் சீட்டு.

முத்திரையக்கா சுற்றறிக்கையை இரண்டு தரம் படித்தாள். அவளுக்கு அந்தச் சீட்டு வேண்டும். வேண்டும் என்றால் வேண்டியே தீர வேண்டும்.

அவளுடைய தங்கச்சி மாடிப்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து இரண்டு மாதமாகப் படுக்கையில் இருந்தாள். சாயங்காலம் அக்கா வந்ததும் இருவரும் ஆளுக்கொரு காதில் ஒயரை மாட்டிக்கொண்டு அந்தப் பாட்டைக் கேட்பார்கள். முதல் அரை நிமிஷத்தில் ஒன்றுமில்லை. பதினோரு விநாடி மேளம், அதன்பிறகு ‘தட்டு தட்டு’ என்று பதினான்கு முறை. ஆனால் இரண்டாவது நிமிஷத்தில் மேளமெல்லாம் அடங்கி ஒரு சரணம் வரும்.

*உள்ள நீ இருக்கேன்னு தெரியும்,*
*வெளிய நான் நிக்கறதும் உனக்குத் தெரியும்,*
*தொறக்கலைன்னாலும் பரவாயில்ல,*
*வெளக்க மட்டும் அணைக்காத.*

முதல் நாள் அதைக் கேட்டு இருவரும் அழுதுவிட்டார்கள். எதற்கு அழுதோம் என்று ஒருத்தி மற்றவளிடம் கேட்கவில்லை.

“அந்த ஆளு மைதானத்துல இதப் பாடறப்ப எப்படி இருக்கும்க்கா?” என்றாள் தங்கச்சி. “என்னால எழுந்திரிக்க முடியாது. நீ போயேன். சரணம் வர்றப்ப எனக்கு வீடியோ போட்டு போனைத் தூக்கிப் புடி. நான் இங்க இருந்தே கேட்டுக்கறேன்.”

“தூக்கிப் புடிக்கறேன்டி. கை ஒடிஞ்சாலும் புடிக்கறேன்” என்று சொல்லியிருந்தாள் அக்கா.

முதல் வார அறிக்கை வந்தது. தட்டச்சர் ஆயிரத்து இருநூறு. கண்காணிப்பாளர் ஆயிரத்து நூறு. முத்திரையக்கா நாற்பத்தாறு. கண்காணிப்பாளர் அவளை அறைக்குள் கூப்பிட்டார்.

“என்னம்மா இது? நாப்பத்தாறா, நாலாயிரத்து அறுநூறா? பூஜ்யம் விட்டுப்போச்சா?”

“நாப்பத்தாறுதான் சார். நான் முழுசா கேக்கறேன்.”

“முழுசாவா? ஏன், ஒடம்புக்கு என்ன?”

“சரணம் நல்லா இருக்கு சார்.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். “சரணமா? அந்தப் பாட்டுல சரணம் இருக்கா?”

“இருக்கு சார். ரெண்டாவது நிமிஷத்துல.”

“இதோ பாரும்மா. நான் இருபது வருஷமா அவரோட ரசிகன். அவருக்காக ரயில்ல தொங்கிட்டுப் போயிருக்கேன். எனக்கே தெரியாத சரணம் உனக்கு எப்படித் தெரியும்? நீ அந்த நேத்து மொளைச்சவன் ஆளா?”

மாலையில் விளக்கம் கோரும் குறிப்பாணை வந்தது. பேரவை உறுப்பினர் ஒருவர் பாடலை இறுதிவரை கேட்டதன் நோக்கம் யாது என்று இருபத்துநாலு மணி நேரத்துக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். அவள் நெடுநேரம் யோசித்து, ‘கவனக்குறைவால் நேர்ந்துவிட்டது’ என்று எழுதிக் கொடுத்தாள். அரசு அலுவலகத்தில் அதைவிட நல்ல காரணம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

மறுநாள் முதல் அவளும் ஆறு போனை வரிசையாக வைத்துக்கொண்டாள். சீட்டு கைக்கு வரட்டும், பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் முழுசாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். ஆற்றைக் கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி என்பது மாதிரிதான். வீட்டிலும் போன் ஓடியது, பஸ்ஸிலும் ஓடியது. தங்கச்சி காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தனியாகவே முழுப்பாட்டையும் கேட்டாள்.

போன்களை வைக்க மேசை போதாமல் சரிபார்ப்புத் தராசின் இரண்டு தட்டிலும் அடுக்கினார்கள். ஒரு மளிகைக்காரர் படிக்கற்களோடு மூன்று மாடி ஏறி வந்து ஒரு மணி நேரம் நின்றார்.

“சார், தராசுல என் கல்லை வெச்சுப் பாக்கணும்.”

“தராசு வேலையா இருக்குன்னு தெரியல?” என்றார் தட்டச்சர்.

“எப்ப சார் ஆகும்?”

“உங்க கிட்ட போன் இருக்கா? சும்மா நிக்கறதுக்கு ஒரு நூறு கேட்பு போடுங்க. சட்டுனு முடிச்சுக் குடுத்துடலாம்.”

மளிகைக்காரர் ஓரமாக உட்கார்ந்து நூறு கேட்பு போட்டார். அவருடைய கல்லில் இருபது கிராம் குறைந்தது. தூக்கும்போதே முத்திரையக்காவின் கைக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தாள். “நம்ம ஆளும்மா, நூறு போட்டிருக்கார்” என்றார் கண்காணிப்பாளர். அவள் குத்திவிட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. அன்றைக்கு அவளுடைய சொந்தக் கணக்கு எழுநூறைத் தொட்டிருந்தது, அந்தச் சந்தோஷத்தில் அதை மறந்தும் போனாள்.

செய்தி ஊரெல்லாம் பரவியது. கூட்டம் மாடிப்படி வரை நின்றது. விண்ணப்பம், நகல், நூறு கேட்பு என்று ஒரு முறைமை தானாகவே அமைந்துவிட்டது. பக்கத்து அலுவலகங்களும் இதைத் தக்க முன்மாதிரியாகக் கொண்டன. இதனால் நிர்வாகத்துக்கு ஒரு நன்மையும் விளைந்தது: அலுவலகக் கூட்டங்களில் யாரும் முப்பத்தொரு விநாடிக்கு மேல் பேசவில்லை. பேச்சு பாதியில் நிற்கும்; எல்லோரும் கை தட்டுவார்கள்; பேசியவர் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

முப்பத்தெட்டாம் நாள் பாட்டு முதலிடத்துக்கு வந்தது. ஊரின் ஜனத்தொகையைப்போல் நானூறு மடங்கு கேட்பு. ஊரே உருகிப்போய்க் கேட்கிறது என்று செய்தியில் சொன்னார்கள். முத்திரையக்காவின் கணக்கு ஆறாயிரத்து இருநூறு. சீட்டை வாங்கிக்கொண்டு நேரே தங்கச்சியிடம் ஓடினாள். தங்கச்சி சீட்டை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டாள்.

மைதானத்தில் எண்பதாயிரம் பேர். அலுவலகம் மொத்தமும் ஒரே வரிசையில் அமர்ந்திருந்தது. சூறாவளி மேடையில் தோன்றியபோது கண்காணிப்பாளர் நாற்காலி மேல் ஏறிவிட்டார். பத்துப் பாட்டு முடிந்து ‘தட்டுனா தொறக்கும்’ மேளம் கேட்டதும் முத்திரையக்கா வீடியோ போட்டாள். சின்னத் திரையில் தங்கச்சியின் முகம் தெரிந்தது. தலை சீவி, பொட்டு வைத்து, படுத்தபடியே தயாராக இருந்தாள்.

“தெரியுதாடி?”

“தெரியுதுக்கா! மேல தூக்கு, மேல தூக்கு!”

எண்பதாயிரம் தொண்டையும் சேர்ந்து பாடியது. மேளத்தைக்கூட வாயால் பாடினார்கள். பதினான்கு ‘தட்டு’வும் ஒன்று கூடாமல் ஒன்று குறையாமல் வந்தன. முப்பத்தோராவது விநாடியில் எண்பதாயிரம் பேரும் ஒரே நேரத்தில் நிறுத்திவிட்டுக் கை தட்டினார்கள்.

வாத்தியங்கள் மட்டும் தொடர்ந்தன. ஒரு நிமிஷம் போனது. மேளம் அடங்கியது. சூறாவளி கண்ணை மூடிக்கொண்டு, மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார். எல்லாப் பாடகர்களும் சரணத்தில் செய்கிற காரியம்தான்.

ஒரு சத்தம் இல்லை.

அவர் காதில் கை வைத்துப் பார்த்தார். எங்கோ யாரோ இருமினார்கள்.

“முடிஞ்சுபோச்சே, இன்னும் ஏன் நிக்கறார்?” என்றார் தட்டச்சர்.

“கரண்டு போயிருக்கும்” என்றார் கண்காணிப்பாளர்.

சூறாவளி மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். வாயைத் திறந்தார். மூடினார். வாத்தியக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சரணத்தை அவர் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் பாடியிருந்தார், ஒலிப்பதிவு அறையில், காகிதத்தைப் பார்த்து. அதற்குப்பின் அவரும் தினமும் கேட்பு எண்ணிக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, ஏன் நின்னுடுச்சு? பாடச் சொல்லேன் யாரையாவது” என்றாள் தங்கச்சி.

அந்த மைதானத்தில் சரணம் தெரிந்த ஒரே ஆள் முத்திரையக்கா. எழுந்து நின்றாள். தான் பாடினால் எண்பதாயிரம் பேருக்கும் கேட்கும், சூறாவளிக்கே கேட்கும், அதைவிடத் தங்கச்சிக்குக் கேட்கும். மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள். மேளம்தான் வந்தது. மறுபடி முயன்றாள். ‘தட்டு தட்டு’ வந்தது. அதற்கு மேல் அவளிடமும் ஒன்றும் இல்லை. துடைத்துவிட்ட பலகைபோல் இருந்தது மனசு.

மேடையில் சூறாவளி பழக்கமுள்ள கலைஞர். “தட்டு!” என்று ஒரு சத்தம் போட்டார். எண்பதாயிரம் பேரும் அப்பாடா என்று எழுந்து முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

அவள் நாற்காலிகளுக்கு நடுவே குனிந்து உட்கார்ந்து போனை முகத்தருகே வைத்துக்கொண்டாள். “மறந்துபோச்சுடி. எனக்கே மறந்துபோச்சு.”

“அழாதக்கா. எனக்குத் தெரியும். நான் பாடறேன், நீ கேளு.”

தங்கச்சி பாடினாள். படுத்தபடி பாடியதால் மூச்சு வாங்கியது, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே நின்று நின்று வந்தது. அந்தப் பெரிய இரைச்சலுக்குள் அந்தச் சின்னக் குரல் அவளுக்கு மட்டும் கேட்டது. உள்ளே இருப்பது தெரியும் என்றாள். வெளியே நிற்பதும் தெரியும் என்றாள். முத்திரையக்கா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இதற்குத்தான் வந்தோம், இது போதும் என்று நினைத்தாள்.

“தொறக்கலைன்னாலும்—”

கட்டைவிரல் போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டது. அவளைக் கேட்காமலே அழுத்தியது. திரை இருண்டது.

திரும்பக் கூப்பிட்டாள். எண்பதாயிரம் பேரும் தாங்கள் பாடியதைத் தங்கள் போனிலிருந்து ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்ததால் லைன் கிடைக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் கிடைக்கவில்லை.

கண்காணிப்பாளர் குனிந்து பார்த்தார். “என்னம்மா, இவ்வளவு நல்ல நாள்ல உக்காந்து அழறே?”

“என் தங்கச்சி பாடினா சார். நடுவுல வெச்சுட்டேன்.”

“எத்தனை விநாடி கேட்டே?”

அதைச் சொல்ல அவளுக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை. “முப்பத்தொண்ணு சார்.”

“அப்ப முழுசாத்தானே கேட்டிருக்கே! எழுந்திரு, எழுந்திரு. அடுத்த பாட்டு ஆரம்பிக்கறாங்க பாரு” என்றார் அவர்.