என்னிடம் கடன் வாங்கிய அரசாங்கத்துக்கு

மாண்புமிகு நிதியமைச்சர் அவர்களுக்கு,

தங்களுக்குக் கடன் கொடுத்தவன் கடலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து வணக்கத்துடன் எழுதுவது. பதறாதீர்கள், பணம் கேட்டு அல்ல, நன்றி சொல்லத்தான். தாங்களும் தங்கள் வீட்டாரும் தங்கள் கஜானாவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

நான் ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக். கை நீட்டியவனுக்கெல்லாம் கொடுத்துக் கெட்டவன். என் சகலைக்குக் கொடுத்தேன், திருப்பிக் கேட்டால், "எப்பங்க குடுத்தீங்க?" என்று என்னையே கேட்டார். அதிலிருந்து என் மனைவி எனக்குப் பஸ்ஸுக்குக்கூட எண்ணித்தான் சில்லறை தருவாள். அவளுக்கு இருந்ததெல்லாம் ஒரே ஆசை, சொந்தமாக ஒரு தையல் கடை. அதற்காக அவள் தைத்துச் சேர்த்ததையும் என் ஓய்வுப் பணத்தையும், வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் தங்கை மகள் உங்கள் அரசாங்கத்தின் கடன் பத்திரத்தில் போட்டுவிட்டாள். "ஒரு அரசாங்கம் போயும் போயும் எங்கிட்டயா கடன் வாங்குது, அவ்வளவு பணமுடையா?" என்றேன். எல்லா அரசாங்கமும் வாங்குமாம். அந்தப் பத்திரத்தைப் பொடிப்பொடியாகப் பிரித்து, டோக்கன் டோக்கனாக என்னைப் போன்றவர்களுக்கும் விற்கிறார்களாம். யாரிடம் எத்தனை இருக்கிறது என்பது பிளாக்செயினில், ஊர் உலகத்துக் கம்ப்யூட்டர்களில் எல்லாம் ஒரே சமயத்தில் பதிவாகிவிடுமாம், யாரும் இல்லை என்று சாதிக்க முடியாதாம். அடடா, சகலைக்குக் கொடுத்தபோது இது இல்லாமல் போச்சே!

டோக்கன், அதுவும் போனிலேயே தெரியும் என்றதும் நான் போனை எடுத்துக்கொண்டு பாங்கில் போய் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டார்கள், என்னை மட்டும் கூப்பிடவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு கேஷியர் பெண்ணிடம் போனேன். "உங்க டோக்கன் நம்பர் என்ன சார்?" என்றாள். "நம்பரெல்லாம் இல்லம்மா. ஒரு நாடே எங்கிட்ட கடன் வாங்கியிருக்கு" என்றேன். அந்தப் புண்ணியவதி குடிக்கத் தண்ணீர் கொடுத்து, "வீட்லேருந்து யாராச்சும் கூட வந்திருக்காங்களா சார்?" என்று அன்பாக விசாரித்தாள்.

அன்றிலிருந்து டிவியில் உங்கள் நாட்டுச் செய்திதான் பார்க்கிறேன். அங்கே வெள்ளம் என்றால் இங்கே எனக்குச் சோறு இறங்குவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் பார்த்து வைத்திருந்த கடையின் சொந்தக்காரர் வாசலில் வந்து நின்றார். "சாயங்காலத்துக்குள்ள அட்வான்ஸ் குடுத்தா கடை உங்களுக்கு. இல்லேன்னா செல்போன் ரிப்பேர்காரருக்குக் குடுத்துருவேன்" என்றார். பாங்கோ லீவு. என் மனைவி என்னைத் திட்டக்கூட இல்லை அய்யா. தையல் மிஷினில் நூலைக் கோத்துக்கொண்டே, "நான் குடுத்து வச்சது அவ்வளவுதான்" என்றாள். எனக்கு உசிரே போயிருச்சு. தங்கை மகளுக்குப் போனைப் போட்டேன். "உங்க டோக்கனுக்கு ஞாயிறு, திங்கள் எல்லாம் கிடையாது மாமா" என்று சொல்லி, அங்கே இருந்தபடியே பாதியை வித்து, கடைக்காரருக்குப் போட்ட டீ ஆறுறதுக்குள்ள பணத்தை அனுப்பிட்டா! அட்வான்ஸ் கட்டியாச்சு, சாவியும் வாங்கியாச்சு. சாவியக் கையில வச்சுக்கிட்டு என் வீட்டுக்காரி அழுதா. நான் மட்டும் என்ன, நானுந்தான் அழுதேன்.

என் ஆயுசில் நான் கொடுத்துத் திரும்பி வந்த ஒரே கடன் உங்களுடையது. அதுவும் கேக்காமலே, வட்டியோட! நீங்க நல்லா இருக்கணும். மீதிக்கு அவசரமே இல்லை. ஒரு மாசம், ரெண்டு மாசம் முன்னே பின்னே ஆனாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன். நமக்குள்ள என்ன இருக்கு?

தங்கள் நாட்டின் நாணயம் என்றும் குறையாதிருக்கட்டும்; நான் இரண்டு நாணயத்தையும்தான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தங்களுக்குக் கடன் கொடுத்துப் பெருமைப்படும்,
ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக்.

பின்குறிப்பு: இதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். டோக்கன் கணக்கு ஆரம்பத்திலிருந்தே அவள் பேரில்தான் இருக்கிறதாம். "மாமா பேர்ல போட்டா, யாராச்சும் கேட்டதும் தூக்கிக் குடுத்துருவாரு அத்தை" என்று தங்கை மகள் அப்போதே சொன்னாளாம். ஆகவே, தங்களுக்குக் கடன் கொடுத்தவன் நான் இல்லை. மேலே சொன்ன சலுகை எதுவும் செல்லாது. ஒரு நாள்கூடப் பிந்தக் கூடாது என்று எழுதச் சொல்லிப் பக்கத்திலேயே நிற்கிறாள். அவளோடு குடும்பம் நடத்துறவன் சொல்றேன், கேட்டுக்குங்க அய்யா: ஒழுங்கா குடுத்துருங்க.