நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி

உலகமே புரண்டாலும் இந்தச் சனிக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போவதில்லை என்று சபதம் எடுத்திருந்தேன். அன்று எங்கள் அலபாமா அணி ஆடும் இறுதி ஃபுட்பால் மேட்ச். அன்றைக்கேதான் மாமியார் மேவிஸுக்குப் பிறந்தநாளும் வந்து தொலைத்தது. அந்த அம்மாள் வீட்டிலும் டிவி உண்டு. அதில் பிரசங்கம் மட்டும்தான் ஓடும்.

விடிந்து பார்த்தால் பனி! அரை விரற்கடைதான். பனியே பார்க்காத எங்கள் ஊருக்கு அதுவே பிரளயம். ஜனங்கள் கடைக்கு ஓடி பிரெட்டையும் பாலையும் துடைத்தெடுத்துவிட்டார்கள்.

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மனைவியிடம் போனேன். "நடீன், ரோடெல்லாம் பனி. போக முடியாதும்மா."

"ஏன் முடியாது? நாலு சக்கரமும் இழுக்கும், அலாஸ்காவுக்கே போகலாம்னு சொல்லித்தானே அந்தப் பிக்கப் வண்டிய வாங்கினீங்க?"

"அது சும்மா, ஒரு பேச்சுக்கு..."

"பேச்சுக்கா? அப்ப வித்துடுவோம்."

என் உயிரை விற்கச் சொல்கிறாள், படுபாவி! போனால் மேட்ச் போச்சு. போகாவிட்டால் வண்டி போச்சு. ஸ்டீயரிங்கைப் பிடித்த பிறகுதான் மூளை வேலை செய்தது.

சர்ச் இறக்கத்தில், ரோட்டோரப் பள்ளத்தில், வண்டியைப் பூப்போல இறக்கினேன். "ஐயையோ, சறுக்கிடுச்சே!" என்று அலறவும் மறக்கவில்லை. நடீன் ஒரு வார்த்தை திட்டவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டு ஏதோ கிசுகிசுத்தாள். இருவரும் நடந்தே வீடு திரும்பினோம். எனக்கு விசிலடிக்க வேண்டும் போலிருந்தது.

மேட்ச் தொடங்கும் நேரம், சோபாவில் சாய்ந்தேன். வாசலில் டிராக்டர் சத்தம். மாமியாரின் பக்கத்துப் பண்ணைக்காரர் ஓட்ட, ஒரு கையில் கேக்கும் மறு கையில் துணிப்பெட்டியுமாக மாமியார்! இறக்கிவிட்ட மறுநிமிஷம் டிராக்டர் திரும்பிப் போய்விட்டது. அந்த அம்மாள் நேரே வந்து என் சோபாவில் அமர்ந்து, பிரசங்கத்தைப் போட்டார்.

நடீனைச் சமையலறைக்கு இழுத்துப் போனேன்.

"அந்த டிராக்டரை விட்டு என் வண்டியத் தூக்கியிருக்கலாமே?"

"நான்தான் வேண்டாம்னுட்டேன். பனி உருகட்டும்."

"அதுவரைக்கும் உங்கம்மா?"

"இங்கதான். வண்டி வெளிய வந்ததும் நீங்களே கொண்டு விடுங்க."

"அடிப்பாவி! பனியில சறுக்கினதுக்கு எனக்கு எதுக்குடி தண்டனை?"

நடீன் கேக்கை வெட்டிக்கொண்டே கேட்டாள்:

"சறுக்கி விழறவன் எவனாவது இண்டிகேட்டர் போட்டுட்டு விழுவானா?"